சொட்டைத்தலையார் வீட்டு ஆனந்தவள்ளி

நாத்தனாரைப் பற்றி நல்லவிதமாகப் பேச ஒரு மதினி வாய் திறந்தால், கேட்கிறவர்கள் முதலில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், காய்ச்சல் கீய்ச்சல் இருக்கிறதா என்று. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். நான் வாழ வந்த புதிதில் ஆனந்தவள்ளிக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. நான் வைத்த குழம்பில் அவள் உப்புப் பார்ப்பாள், அவள் துவைத்த துணியில் நான் அழுக்குப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் எனக்கும் என் மகளுக்கும் செய்ததை என் கூடப்பிறந்தவர்கள்கூடச் செய்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். சொட்டைத்தலையார் வீடு என்றால் போதும். மாமனார் சொரிமுத்துவுக்கு முப்பது வயதுக்குள்ளேயே முன்மண்டை காலியாம். அவர் மகன் நம்பிராஜன், அதாவது என் வீட்டுக்காரர், பட்டாளத்தில் சேரும்போது இருந்த முடியை அடுத்த லீவுக்கு வந்தபோது காணோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தொப்பியைக் கழற்றாமலே கேசரி சாப்பிட்டார். மாமனார் சர்க்கரையில் கால் விரல்களைக் கொடுத்து, பிறகு உயிரையும் கொடுத்தார். அந்த வீட்டில் வழுக்கையை யாரும் குறையாகவும் நினைத்ததில்லை, சர்க்கரையை நோயாகவும் நினைத்ததில்லை. ஆம்பிளைகள் என்றால் அப்படித்தான் என்று இருந்தார்கள்.

அந்த வீட்டுப் பெண் ஆனந்தவள்ளி போலீஸ்காரி. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அவளுக்கு அருவிக்கரையில்தான் டியூட்டி, பெண்கள் குளிக்கிற பக்கம். ஒரு தடவை குடித்துவிட்டு அந்தப் பக்கம் தலைகாட்டிய ஒரு வெளியூர் ஆளை, அவன் தோளில் கிடந்த ஈரத்துண்டாலேயே கையைக் கட்டி, கடைத்தெரு முழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டதற்கு, கைவிலங்கு ஸ்டேஷனில் இருந்தது, துண்டு அங்கேயே இருந்தது என்றாளாம். அவளை இலஞ்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை பலவேசம் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி அனுப்புகிறவர், சாதுவான மனுஷன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துத்தான் ஆதித்தன் பிறந்தான். அவன் தன் நேர்ச்சையில் பிறந்த பிள்ளை என்று அவள் மாமியார் முருகம்மாள் ஊரெல்லாம் சொல்லிக் கிடா வெட்டினார்.

இனி என் மகள். சங்கரேஸ்வரி, நாங்கள் கூப்பிடுவது சங்கரி. காலேஜில் இரண்டாம் வருஷம். அத்தையைப் போல காக்கிச்சட்டை போட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகத் தினமும் காலையில் ஓடிக்கொண்டிருந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தை நிறுத்தினாள். நான் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். தீபாவளிக்கு எடுத்த அளவு பொங்கலுக்குப் பற்றவில்லை. காலர் கழுத்து வைத்துத் தை, இன்னும் உயர்த்தித் தை என்று நச்சரித்தாள். புது மோஸ்தர் போலிருக்கிறது என்று நானும் தைத்துக் கொடுத்தேன். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றாகி, பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

அதற்கு என் மாமியார் பார்வதியம்மாள் கண்ட வைத்தியம் உளுந்தங்களி. பெண் பிள்ளை சமைந்தால் இடுப்புக்குப் பலம் என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல சாப்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சடங்கோடு நிறுத்தாமல், விலக்கு வரவில்லை என்று மறுபடி தொடங்கினார்கள். வரவில்லை என்றால் உருண்டை பெரிதாகும். அப்புறமும் வரவில்லை என்றால் இன்னொரு கரண்டி எண்ணெய். பிள்ளை கண்ணில் நீர் முட்ட முட்ட விழுங்குவாள். பலம் ஏறியதோ இல்லையோ, எடை ஏறியது.

போன சாரலில் சங்கரி சேக்காளிகளோடு ஐந்தருவிக்குப் போனாள். எல்லாரும் அருவியில் நிற்க, இவள் மட்டும் பஜ்ஜிக் கடை ஓரமாக எல்லார் பைகளுக்கும் காவல் உட்கார்ந்திருக்கிறாள், துப்பட்டாவைத் தாடை வரைக்கும் சுற்றிக்கொண்டு. டியூட்டியில் இருந்த வள்ளி கண்ணில் அது பட்டுவிட்டது.

“குளிக்கலியாட்டி?”

“சளி பிடிச்சிருக்கு அத்தை.”

“மூக்குல பிடிக்கிற சளிக்குத் தாடையில எதுக்குட்டி துணி?”

சங்கரி அங்கேயே அழுதுவிட்டாளாம். டியூட்டி முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் வள்ளி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். “மதினி, நாளைக்கு இவள டாக்டர்ட்ட காட்டுதோம். களிச்சட்டிய எடுத்து உள்ள வைங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் நான் இருக்க இவள் யார் உத்தரவு போட என்று தோன்றியது. ஆனாலும் போனோம்.

தென்காசியில் பெண் டாக்டர். ஸ்கேன் பார்த்தார், ரத்தம் எடுத்தார், சங்கரியின் தாடையையும் கழுத்தையும் பார்த்தார். கருமுட்டைகள் முதிராமல் நின்றுவிடுகின்றன, ஊரில் நீர்க்கட்டி என்று சொல்லுவது இதைத்தான், கட்டி என்றதும் பயந்துவிட வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு கேட்டார், “குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?”

“இல்ல டாக்டர், யாருக்கும் இல்ல” என்றேன். என் அம்மாவை நினைத்தேன், என் அக்கா தங்கைகளை நினைத்தேன், எல்லாருக்கும் மாசம் தவறாது. பெண்ணுக்கு வருகிற நோவுக்குக் குடும்பம் என்று கேட்டால் அது தாய்வீடுதான் என்று எனக்குள் யார் எழுதி வைத்தார்களோ. அந்த அறையில் என் தோளுக்குப் பக்கத்தில் ஆனந்தவள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் சுவரில் இருந்த குழந்தை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  டாக்டர் சாப்பாடும் நடையும் சொல்லி, கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் பிடித்துக்கொண்டார். “தாயைத் தண்ணித்துறையில பாத்தா மகளை வீட்டுல பாக்க வேண்டாம்னு சும்மாவா சொன்னாவ? எங்க பரம்பரையில இல்லாத சீக்கு. இவ செங்கோட்டைத் தாய்வீட்டுலேருந்து சீரோட சேத்துக் கொண்டாந்திருக்கா.” காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை இதே பாட்டு. என் வீட்டுக்காரர் ரிட்டயராகி வந்து இப்போது ஒரு பாங்கில் காவலுக்குப் போகிறார். எல்லையில் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர், அம்மா முன்னால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

பேச்சோடு போயிருந்தால் நானும் துடைத்துப் போட்டிருப்பேன். மாமியார் வைத்தியத்தின் அடுத்த கட்டத்துக்குப் போனார். கல்யாணம். “ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்தா எல்லாம் தன்னால சரியாயிரும்.” மாப்பிள்ளையும் தயாராக இருந்தான். வள்ளியின் கொழுந்தன் பேச்சிராஜ், பலவேசத்தின் தம்பி. முறைதான், நல்ல பையன்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் என் மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளை ஒருவனுக்கு மனைவியாகக் கொடுக்கவில்லை, ஒரு நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப் பார்த்தார்கள். அதிலும் அந்த வீட்டாருக்குச் சொல்லாமல்.

“சொல்லாம கொடுக்கது பாவம் அத்தை. அவளுக்குப் படிக்கணும்னு இருக்கு” என்றேன்.

“உன் வழியில வந்த கேட்டுக்கு நான் வழி பண்ணுதேன். நீ வாய மூடிட்டு இரி” என்றார்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. பழி சும்மா வரவில்லை, வாய்ப்பூட்டோடு வந்திருக்கிறது. நோய் என் வழி என்று ஆன பிறகு மகளைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை. பூ வைக்க நாள் பார்த்தாயிற்று. சங்கரி சாப்பிடுவதை விட்டாள். நான் வள்ளிக்குப் போன் போட்டு, “நீயாவது உன் மாமியார்ட்ட சொல்லி நிப்பாட்டு” என்று கெஞ்சினேன்.  “பாப்போம் மதினி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.  என்ன இருந்தாலும் நாத்தனார் நாத்தனார்தான் என்று நினைத்தேன்.

பூ வைக்கிற அன்று முருகம்மாளும் பலவேசமும் வள்ளியும் வந்தார்கள். வள்ளி பட்டுச்சேலையில், முகத்தில் மாஸ்க்கோடு, தாம்பாளத்தையும் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினாள். இருமல் போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கட்சி மாறிவிட்டாள் என்று நான் நினைத்தேன். சங்கரியைக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தோம். முருகம்மாள் பூவை எடுத்தார்.

“அத்த, பூவ அங்கனயே வைங்க. ஒண்ணு சொல்லணும்” என்றாள் வள்ளி.

என் மாமியார் கையை நீட்டித் தடுத்தார். “ஏட்டி வள்ளி, நல்ல காரியத்துல குறுக்க பேசாத.”

“பேசத்தான் வந்திருக்கேன் எம்மா.” அவள் டியூட்டியில் பேசுகிற குரல் அது, உயரவும் இல்லை, தாழவும் இல்லை. “சங்கரிக்கு நீர்க்கட்டி இருக்கு அத்த. வைத்தியம் பாக்கணும். அவளுக்கு இப்பம் கல்யாணம் வேண்டாம். அவ வாயால கேட்டேன், வேண்டாம்னுதான் சொல்லுதா.”

முருகம்மாள் பூவைத் தட்டில் போட்டார். கண் நேராக என்மேல்தான் வந்தது. “அப்படியா முத்துலட்சுமி? உங்க வீட்டுல இப்படி உண்டுமோ?”

நான் பதில் சொல்லுவதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “அவ வழிதான், எங்கள்ல...”

“இல்ல” என்றாள் வள்ளி. மாஸ்க்கைக் கழற்றினாள்.

தாடை முழுக்கக் கறுப்பாக முடி முளைத்திருந்தது. நாலைந்து நாள் மழிக்காத ஆம்பிளை முகத்தில் இருக்குமே, அப்படி. மேல் உதட்டிலும் இருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் புழங்கியிருக்கிறோம், நான் பார்த்ததே இல்லை. யாரும் எழும்புவதற்கு முன்னால் எழும்பிச் சுத்தம் செய்துவிடுவாளாம். அன்றைக்கு வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் சளி என்று சொல்லி மாஸ்க்கோடு நடமாடியிருக்கிறாள்.

“எங்க வழி அத்த. எங்க அப்பா வழி. எனக்குச் சங்கரி வயசுலயே வந்தது. கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆதித்தன் சாமி கொடுத்த பிள்ளைதான், இல்லைங்கல. ஆனா டிரெயினிங்கு, டிரெயினிங்குன்னு திருநெல்வேலிக்குப் போனேனே, அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். இவியளுக்குத் தெரியும்.” பலவேசம் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்பதுபோல அசைத்தார்.

முருகம்மாள் தாம்பாளத்தைத் தள்ளி வைத்தார். “எங்கள ஏமாத்திட்டியேட்டி.”

“ஏமாத்தினேன் அத்த. அதுக்கு என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க. இந்தப் பிள்ளையையும் அதே மாதிரி ஏமாத்திட்டு வான்னு என்னால அனுப்ப முடியாது. யாரும் எழும்புததுக்கு முன்ன எழும்பி எழும்பி எனக்குச் சலிச்சுப்போச்சு.”

முருகம்மாள் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே பலவேசமும் ஓடினார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “உன் வாழ்க்கைய நீயே கெடுத்துக்கிட்டியேட்டி பாவி.” வள்ளி பாயில் சங்கரி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கழுத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை மெதுவாக அவிழ்த்து மடித்து வைத்தாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியாரிடம் திரும்பினேன். “இனிமே எம்மகளப் பத்தி முடிவெடுக்கது நானும் அவளும். கேட்டுக்கோங்க” என்றேன். இருபது வருஷத்தில் அந்த வீட்டில் நான் உரக்கப் பேசியது அன்றுதான்.

மாமியார் இரண்டு நாள் படுத்தே கிடந்தார். மூன்றாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது சுவரைப் பார்த்தபடி தானாகவே சொன்னார். மாமனாருக்கு இசக்கி என்று ஒரு அக்கா இருந்தாளாம். பிள்ளை இல்லை என்று புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். “எந்நேரமும் கஸ்தூரி மஞ்சள அரைச்சு மூஞ்சியில அப்பிக்கிட்டே இருப்பா. அழகு பண்ணுதான்னு நாங்கல்லாம் கேலி பேசுவோம். பின்னறையிலேயே கிடந்து செத்தா. எம்மகளுக்கு அந்த நெலம வந்துரப்பிடாதுன்னுதான் மறைச்சேன் முத்து.” எனக்கு அந்தக் கிழவிமேல் இருந்த கோபம் பாதி வடிந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

மறுபடி டாக்டரிடம் போனோம். இந்த முறை என் வீட்டுக்காரரையும் வள்ளி விடவில்லை. பொம்பளை டாக்டரிடம் நான் எதற்கு என்றவரைக் கைது செய்கிற மாதிரி ஸ்கூட்டரில் ஏற்றிக் கூட்டிவந்தாள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தன்னைப் பற்றி, இசக்கி அத்தையைப் பற்றி, அப்பாவின் சர்க்கரை பற்றி. வீட்டுப் பட்டப்பெயரைக்கூடச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டார், பிறகு சொன்னார்.

“இது ஒரே ஒரு மரபணு கெட்டு வர்ற நோய் இல்லம்மா. சின்னச் சின்னதா நிறைய மரபணு சேர்ந்து ஒரு பக்கமா சாய்க்குது. அம்மாகிட்ட இருந்தும் வரும், அப்பாகிட்ட இருந்தும் வரும். ஆம்பிளைகளுக்குச் சினைப்பை கிடையாது, அதனால அவங்க உடம்புல இருந்தாலும் வெளிய தெரியாது. சின்ன வயசுலயே முடி கொட்டுறது, சீக்கிரமே சர்க்கரை வர்றது, இப்படி வேற ரூபத்துல தலைகாட்டலாம். வழுக்கை விழுந்த வீட்ல எல்லாம் இது இருக்கும்னும் அர்த்தமில்ல. ஆனா உங்க வீட்ல எல்லாம் சேர்ந்தே இருக்கு.”

“அப்பம் எங்க வழியில ஒண்ணும் இல்லைல்ல டாக்டர்?” என்று கேட்டேன். ஆசை யாரை விட்டது.

“அப்படியும் அடிச்சுச் சொல்ல முடியாது. கொஞ்சம் உங்ககிட்ட இருந்தும் வந்திருக்கலாம்” என்றார். வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்து இளித்தாள். நாத்தனார் அல்லவா.

சாய்ப்பதுதான் மரபணு, விழுவதும் விழாததும் முழுக்க அதன் கையில் இல்லை என்று டாக்டர் சங்கரியைப் பார்த்துச் சொன்னார். சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் பார்த்ததில் அவளுக்கு அளவு எல்லைக்கோட்டில் நின்றது. குடும்பக் கதை முதலிலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கே இந்தப் பரிசோதனையை எழுதியிருப்பேன் என்றார். கேட்ட கேள்விக்குப் பதிலை விழுங்கியவர்கள் நாங்கள், அவரைச் சொல்லி என்ன. அப்படியே என் வீட்டுக்காரருக்கும் பார்க்கச் சொன்னார். அவருக்கு எல்லைக்கோடெல்லாம் இல்லை, தாண்டி உள்ளேயே போய்விட்டிருந்தார். பட்டாளத்து உடம்பு, எனக்கு ஒன்றும் வராது என்று திரிந்தவர், அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் கால் விரல்கள் ஞாபகம் வந்திருக்கும்.

வள்ளி செய்ததற்கு விலை இல்லாமல் போகவில்லை. முருகம்மாள் மாதக்கணக்கில் அவளோடு பேசவில்லை. அவள் ஆக்கியதைச் சாப்பிட மாட்டார், ஆதித்தனை அவளிடமிருந்து வாங்கித் தன் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொள்வார். பலவேசம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து முழித்தார். வள்ளி டியூட்டிக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், திட்டை வாங்கிக்கொண்டாள். ஆனால் விடியுமுன் இலஞ்சியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி எங்கள் வாசலில் வந்து ஹாரன் அடிப்பதை மட்டும் ஒருநாளும் விடவில்லை. சங்கரி ஓட, இவள் பின்னால் விசிலோடு நடப்பாள். முதல் வாரம் சங்கரிக்கு ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது, ரோட்டோரம் வாந்தி எடுத்தாள். “எடுத்தாச்சா? வாய கழுவிட்டு வா” என்பாளாம். நான் பெற்றவளாக இருந்தும் அப்படி என்னால் நின்றிருக்க முடியாது.

தன் முகத்தையும் அவள் பிறகு மறைக்கவில்லை. தேவைப்பட்டால் மழிப்பாள், நேரமில்லாவிட்டால் அப்படியே டியூட்டிக்குப் போவாள். யாராவது உற்றுப் பார்த்தால், “என்ன, விலாசம் கேக்கணுமா?” என்பாள். சங்கரிக்கு எடை குறைந்து, முறை தப்பாமல் விலக்கு வரத் தொடங்கியது. தாடையில் முடி இருக்கத்தான் செய்கிறது. காலர் கழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்த வருஷம் போலீஸ் பரீட்சைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், பார்க்கலாம்.

போன வாரம் ஒரு காலையில் முருகம்மாளே எங்கள் வீட்டுக்கு வந்தார், வள்ளியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து. மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டே வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. காபி கொடுத்தேன். ஓடி முடித்து வேர்வையோடு நின்ற சங்கரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“பிள்ள இப்பம் இளைச்சு, பாக்க நல்லாத்தானே இருக்கா நம்பி. பேச்சிராஜுக்கும் இன்னும் அமையல. மிச்சம் மீதி ஏதும் இருந்தாலும் கல்யாணம் பண்ணினா சரியாயிரும்.”

என் மாமியார் வாயைத் திறந்தார். நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டேன். வள்ளி கையைக் கட்டிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிரித்து மகள் கையில் கொடுத்தார். அதே அட்டையில் இன்னொன்றைப் பிரித்துத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

“எனக்கும் இதே மாத்திரதான் அத்த” என்றார். “கல்யாணமாகி இருபத்தொரு வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் சரியாகலையே.”